கரப்பான் காலின் சத்தம்

வியாழக்கிழமை என்றால் லில்லி ஊறுகாய் பாட்டிலோடுதான் பஸ் ஏறுவாள். பாட்டிலில் ஊறுகாய் இருக்காது. மூடியில் ஆணியால் போட்ட ஏழெட்டு ஓட்டை, உள்ளே மீசையை ஆட்டியபடி ஐந்தாறு கரப்பான்பூச்சி. குருவிநத்தத்திலிருந்து பாகூர் போகும் அந்த பஸ்ஸில் படியில் ஆள் தொங்கினாலும் அன்றைக்கு அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வரும். கண்டக்டர்கூட எட்ட நின்றுதான் டிக்கெட்டை நீட்டுவான்.

"இன்னாம்மா, அதுங்களுக்கும் சேத்து டிக்கெட் போட்டுடவா?" என்று அவன் கேட்காத வியாழன் கிடையாது. பஸ்ஸே சிரிக்கும். லில்லியும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால், வாரத்தில் ஒரு நாள் தன்னிடம் வாய்கொடுக்கிற அந்த ஒரு ஆளும் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம்.

வயது நாற்பத்தாறு. அப்பா அருள்தாஸ் கரும்பு வெட்டினார், அம்மா நாற்று நட்டாள். அந்தத் தெருவில் எம்.எஸ்சி. வரை போன முதல் ஆள் லில்லிதான். விலங்கியல். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதிலும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் படிப்பு கூடுதல் என்றார்கள், சிலர் நிறம் கம்மி என்றார்கள், ஒருத்தர் காபியைக் குடித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போனார். வருஷம் ஓடிவிட்டது. அப்பா போனார். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவும் போன பிறகு, வீட்டுக்குள் தன் குரலை அவள் கேட்பது பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டும்போது மட்டும்தான்.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, கரும்புக்கும் நெல்லுக்கும் மத்தியில் நிற்கும் ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாக அவள் கெஸ்ட் லெக்சரர். பன்னிரண்டு வருஷம் ஒரு ஆளை விருந்தாளியாகவே வைத்திருப்பது எப்படி என்பதை அந்தக் கல்லூரிக்காரர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். துறையில் மூன்றே பேர். தலைவர் நாகராஜன் மீன் வளர்ப்பு ஆள். இன்னொருவர் பூச்சிமருந்து பற்றிப் பாடம் எடுப்பவர். உடலியங்கியலும் அதன் செய்முறை வகுப்பும் லில்லி தலையில். நரம்பு பற்றி ஏதாவது கேட்டால் இரண்டு பேருமே, "அது உங்க ஏரியா மேடம்" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அவளும் அதைத் தன் ஏரியாவாகவே வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு நரம்பு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்று நடத்த வேண்டும். கரும்பலகையில் செல்லின் சுவரை வரைந்து, அதில் சோடியத்துக்கு ஒரு கதவைத் திறந்து, பாய்ந்ததை வெளியே இறைக்க ஒரு பம்பும் வைப்பாள். "ஏரி ரொம்பிக்கினு நிக்குது. மதகு சாத்தியிருக்குது. தூக்கினா இன்னா ஆவும்?" என்பாள். வயலுக்குத் தண்ணி பாயும் என்று பிள்ளைகள் கத்தும். "அதே கணக்குதான். தொட்ட உடனே மதகு தொறக்குது, வெளிய இருக்கிற சோடியம் உள்ள பாயுது. அந்தப் பாய்ச்சல் அடுத்த மதகைத் தொறக்குது, அது அதுக்கடுத்ததை. இப்படியே ஓடுதே, அதான் நீ கொசு கடிச்சதும் கையை ஒதர்றது."

சொல்வதெல்லாம் சரி, காட்ட வேண்டாமா? தவளையை அறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததிலிருந்து செய்முறை வகுப்பு படம் வரையும் வகுப்பாகிவிட்டது. போன வருஷத்துப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டை இந்த வருஷத்துப் பிள்ளை வாங்கி, மலை மாதிரி ஏறி இறங்கும் அந்த ஒரே கோட்டை அச்சடித்தாற்போல் எடுத்து எழுதும். லில்லி சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவளுக்கு உள்ளே ஒன்று எரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் ஒன்று கண்ணில் பட்டது. கரப்பான்பூச்சியைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு மரக்கவைத்து, ஒரு காலை மட்டும் எடுத்து, கார்க்கில் இரண்டு ஊசியால் குத்திவைத்தால், அந்தக் காலில் இன்னும் உயிரோடிருக்கும் நரம்பின் துடிப்பைப் பெருக்கிக் கேட்கலாம். பெருக்கும் பெட்டியின் வரைபடமும் இருந்தது. அதை வில்லியனூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மரியதாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கரப்பாங்கால்ல ரேடியோ கேக்கப்போறியாம்மா?" என்றார். ஆனாலும் மூன்று வாரத்தில் ஒரு சோப்பு டப்பாவுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, சின்ன பேட்டரி மாட்டிக் கொடுத்துவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்பில் படம் வரும், சத்தமும் வரும்.

முதல் நாள் அந்தச் சத்தம் வந்தபோது வகுப்பே மேசையை நெருங்கியது. "ர்ர்ர்ர்" என்று ஒரு சீரான உறுமல். லில்லி தையல் ஊசி ஒன்றைக் கையில் பிடித்துக் காலின் முள்மயிரை மெல்லத் தொட்டாள். உறுமல் சட்டென்று பெரிதாயிற்று. ஊசியை எடுத்தாள், அடங்கியது. திரும்பத் தொட்டாள், திரும்பப் பெரிதாயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைக்கு லில்லி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

அந்த முதல் செட்டில் இருந்தவள்தான் அபிதா. கடலோர ஊரான பனித்திட்டுப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடை தூக்கி மீன் விற்கிறவள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் லேப்டாப்பில் காதை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், இது நெசமாவே நரம்பு பேசறதா?"

"நெசந்தாண்டி."

"செத்தும் பேசுதே மேடம்!"

அந்த ஒரு கேள்வியோடு அவள் போனவள், நரம்பியல் படிக்கிறேன் என்று பெங்களூரில் எம்.எஸ்சி. சேர்ந்து, இப்போது அங்கேயே ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு லில்லிக்குப் போன் வரும். ஐந்து வருஷத்தில் தவறியது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான், அதுவும் அவளுக்குக் காய்ச்சல் என்றால். சாப்பாடு, ஹாஸ்டல், அம்மாவின் முட்டி வலி என்று பேசிவிட்டு, கடைசியில் மறக்காமல் கேட்பாள்: "சத்தம் நல்லா வருதா மேடம்?" லில்லி, "ஜோரா வருதுடி" என்பாள். ஞாயிறு நாலு மணிக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நகர்கின்றன என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் உண்மை அதுதான்.

இந்தப் பிப்ரவரியில் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அபிதாவையே பேச அழைத்திருந்தார்கள். பழைய மாணவி, ஆராய்ச்சியாளர் என்று அழைப்பிதழில் பெயர் போட்டாகிவிட்டது. "இன்னா பேசறதுன்னு யோசிக்கவே இல்ல மேடம். அந்த மொத நாள் சத்தத்தப் பத்தித்தான்" என்று அவள் போனில் சொன்னாள். போனை வைத்த கையோடு லில்லி விழாவுக்கு உடுத்த அம்மாவின் ஊதாப் புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது வந்த வியாழக்கிழமையில்தான் அது நடந்தது.

துறையின் பழைய லேப்டாப்புக்கு பேட்டரி செத்து வருஷக் கணக்காகிறது. சுவரில் செருகினால்தான் ஓடும். அதனால் கரெண்டு போனால் லேப்டாப்பும் போகும், வகுப்பும் நிற்கும், வந்ததும் தொடரும். அன்றைக்கு அந்த லேப்டாப் சுவரில் செருகியும் எழுந்திருக்கவில்லை. மாணவி ஒருத்தி தன்னுடைய புது லேப்டாப்பைக் கொடுத்தாள். அதில் நல்ல பேட்டரி.

இருபது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். காலைக் குத்தியாயிற்று. உறுமல் வந்தது. லில்லி ஊசியால் தொட்டுக் காட்டி, "பாரு, மதகு தொறக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரெண்டு போயிற்று. ஃபேன் சுற்றுவது மெதுவாகி நின்றது. அதோடு உறுமலும் நின்றது.

லேப்டாப் நிற்கவில்லை. திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதில் அலை இல்லை. தரையில் கிடத்திய கயிறு மாதிரி ஒரு கோடு.

லில்லி ஊசியால் தொட்டாள். ஒன்றுமில்லை. அழுத்தித் தொட்டாள். ஒன்றுமில்லை. பெட்டியில் பேட்டரி இருக்கிறது, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, கால் இருக்கிறது. இல்லாமல் போனது சுவருக்குள் ஓடும் கரெண்டு மட்டும்தான். படித்தவள் இல்லையா, அந்த ஒரு நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னாச்சு மேடம்?"

"கால் செத்துப்போச்சு" என்றாள். வாயில் வந்தது அதுதான்.

அவள் நேரம், அடுத்த நிமிஷமே கரெண்டு வந்தது. ஃபேன் சுற்ற, செத்துப்போன கால் "ர்ர்ர்ர்" என்று உறுமத் தொடங்கியது. "உயிர் வந்துருச்சு மேடம்!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். லில்லி தலைவலி என்று சொல்லி வகுப்பை அனுப்பிவைத்தாள்.

அறை காலியானதும் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, கார்க்கிலிருந்து காலைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு ஊசியையும் வெறும் ஈரக் கார்க்கில் குத்தினாள். உறுமல் அப்படியே இருந்தது. கையில் பிடித்த ஊசியால் கார்க்கைத் தொட்டாள். பெரிதாயிற்று. எடுத்தாள், அடங்கியது. காலே இல்லாத கார்க்கு, ஆறு வருஷமாகக் கால் பேசியதை எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் பேசியது.

சுவரிலும் கூரையிலும் ஓடும் கரெண்டு தொடாமலே வந்து வயரில் ஏறிக்கொள்கிறது. மனுஷ உடம்பில் இன்னும் கூடுதலாக ஏறுகிறது. ஊசியைப் பிடித்த அவள் கைதான் அதைப் பெட்டிக்குள் இறக்கியிருக்கிறது. நரம்பு என்று அவள் காட்டியது மின்துறைக் கம்பியை. நூற்றிருபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். எல்லார் ரெக்கார்டு நோட்டிலும் அந்த அலையை வரையச் சொல்லி, கீழே அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இதற்கு மலை மாதிரி ஏறி இறங்கும் அந்தப் பழைய கோட்டையே எடுத்து எழுதச் சொல்லியிருக்கலாம். அதுவாவது சரியான கோடு.

ஆய்வகத்தைப் பூட்ட வந்த அட்டெண்டர் ஆதிமூலம், "இன்னா யம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அவளை வதைத்தது தப்பு செய்தது மட்டுமில்லை. ஆறு வருஷமாக அந்தத் தப்பு நடு மேசையில் உட்கார்ந்து உறுமியிருக்கிறது, ஒருத்தர்கூட அதைத் தப்பு என்று சொல்லவில்லை. தேர்வுக்கு வந்த வெளிக் கல்லூரிக்காரர்கள் திரையைப் பார்த்து, "குட், குட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒரு அடுப்பங்கரையில் இரண்டு பெண்கள் இருந்தால் சாம்பாரில் உப்பு கூடினது உடனே தெரிந்துவிடும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு யார் சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு நாகராஜன் அறைக்குப் போனாள். அவர் விழாவுக்கு நாற்காலி எத்தனை என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் சொன்னாள்.

"சார், கரப்பாங்கால்ல வர்றது நரம்புச் சத்தம் இல்ல. கரெண்டுச் சத்தம். இத்தினி வருஷமா தப்பா காமிச்சிருக்கேன்."

அவர் நாற்காலிக் கணக்கை ஓரம் தள்ளினார். "சத்தம் வருதுல்ல மேடம்?"

"வருது சார், ஆனா…"

"அப்ப வுடுங்க. அந்தப் பொண்ணு அத்தப் பத்தித்தான் பேசப்போவுதாம். விழா முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." அதோடு அடுத்த போனை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை லில்லி விடிந்ததும் எழுந்தாள். மாணவியிடம் கேட்டு வாங்கி வந்த லேப்டாப், சோப்பு டப்பா, ஊறுகாய் பாட்டில், டிபன் கேரியரில் பனிக்கட்டி, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தென்பெண்ணை ஆற்றுக்குள் இறங்கினாள். தண்ணீர் வற்றி மணலாகக் கிடந்தது. கரையோரத்து மோட்டார் கம்பிகள் கண்ணில் படாத தூரம் வரை நடந்து, நடு மணலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் அங்கே யாரும் இல்லை.

முதல் காலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பெட்டியும் வீண், மரியதாஸும் வீண், நானும் வீண் என்று நினைத்தாள். ஆய்வகத்தில் உறுமல் தாங்காமல் சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் அவள் கூட்டியதே இல்லை. மூன்றாவது காலைக் குத்தியபோது பெட்டியில் சத்தம் கூட்டும் குமிழை முழுசாகத் திருகினாள். கையில் இந்தத் தடவை ஊசி இல்லை, விளக்குமாற்றுக் குச்சி. காலின் ஒரே ஒரு முள்மயிரை அதன் நுனியால் வளைத்தாள்.

எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி, பட பட பட என்று வந்தது.

குச்சியை எடுத்தாள். நின்றது. ஒன்றிரண்டு மட்டும் சோம்பலாகப் பொரிந்தது. தொட்டாள், படபடவென்று பொரிந்து தள்ளியது. திரையில் வழுவழு அலை இல்லை. குத்துக் குத்தாக, புத்தகத்தில் இருப்பது மாதிரியே, ஏறி இறங்கும் கோடுகள். கதவு திறப்பதும் சோடியம் பாய்வதும் கதவு மூடுவதும் இதோ இப்போது, இந்தக் காலில், அவள் கண்ணெதிரே நடக்கிறது. பன்னிரண்டு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்ததை வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கேட்டாள்.

"ஐயோ, கேளேன்! வந்து கேளேன்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அக்கரைவரைக்கும் மணல். வெகு தூரத்தில் ஒருத்தி மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. யாரைக் கூப்பிட்டோம் என்று லில்லிக்கே தெரியவில்லை. அத்தனை பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல், பகிர்ந்துகொள்ள ஆளும் இல்லாமல், அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்தில் கால் ஓய்ந்துவிட்டது.

மறுநாள் காலை வில்லியனூர் மாதா கோயிலில் பூசை. முடிந்ததும் அக்கா ஜோஸ்பின் வீட்டில் சாப்பாடு. அக்காவிடம் மீன் குழம்பு ஊற்றும் இடைவெளியில் எல்லாவற்றையும் சொன்னாள். ஜோஸ்பின் பாதியைக் கேட்டாள்.

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்குடி வாயக் குடுத்து மாட்டிக்கிற? கரப்பாம்பூச்சி வந்து சாட்சி சொல்லப்போவுதா? சாப்புடு."

அக்கா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. நாகராஜன் சொன்னதிலும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது லில்லி அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நடப்பு வகுப்புக்கு உண்மையைச் சொல்லிவிடலாம், அது பெரிய காரியமில்லை. அபிதாவிடம் எப்படிச் சொல்வது? அவள் படிப்பே அந்தச் சத்தத்தில் தொடங்கியது. அது பொய் என்றால் அவள் என்ன நினைப்பாள்? ஒன்றும் தெரியாத ஒருத்தியையா ஐந்து வருஷமாகக் கூப்பிட்டுப் பேசினோம் என்று நினைக்கமாட்டாளா? முதலில் வாரம் ஒரு தடவை மாசம் ஒரு தடவையாகும். அப்புறம் பொங்கலுக்கு ஒரு மெசேஜ். அப்புறம் அதுவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, மற்ற நாலு மணிகளைப் போல ஆகிவிடும்.

சொல்லாவிட்டாலோ, வெள்ளிக்கிழமை மேடையில் ஏறி அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் பொய்யைச் சொல்லும். நரம்பு தெரிந்த ஒருத்தர் கேட்டுவிட்டால் அவளுக்கல்லவா தலைகுனிவு.

சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. மூன்று தடவை அடிக்கும்வரை லில்லி எடுக்கவில்லை.

"மேடம், சாப்ட்டீங்களா? வெள்ளிக்கிழம காலைல வந்துடுவேன். அம்மா வஞ்சரம் எடுத்து வைக்குதாம் உங்களுக்கு…"

"அபிதா, நான் சொல்றத மொதல்ல கேளு" என்று லில்லி ஆரம்பித்தாள். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். கரெண்டு போனது, கார்க்கு உறுமியது, ஆற்று மணலில் கடுகு பொரிந்தது, எல்லாம். "அன்னிக்கு நீ காது வச்சுக் கேட்டியே, அது நரம்பு இல்லடி. ஒனக்குத் தப்பக் காமிச்சுத்தான் அனுப்பியிருக்கேன். என்ன மன்னிச்சிடு."

வைத்துவிட்டாளோ என்று லில்லி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"தெரியும் மேடம்" என்றாள் அபிதா.

"இன்னா?"

"எம்.எஸ்சி. சேந்த ரெண்டாவது வாரமே தெரியும். இங்க லேப்ல எல்லாத்தையும் கம்பி வலைக் கூண்டுக்குள்ள வச்சுத்தான் செய்வாங்க. எதுக்குன்னு கேட்டேன். கரெண்டு எரைச்சல் உள்ள வராம இருக்கன்னு சொல்லி, கூண்டத் தொறந்து காமிச்சாங்க. அதே சத்தம் மேடம். ர்ர்ர்ருன்னு. எல்லாரும் இருந்தாங்க, நான் பாத்ரூம்ல போய் அழுதேன்."

லில்லி தரையில் உட்கார்ந்தாள். ஐந்து வருஷம். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. சத்தம் நல்லா வருதா மேடம்? ஜோரா வருதுடி. சத்தம் நல்லா வருதா மேடம்? ஜோரா வருதுடி. அந்தப் பெண் பெருமையோடு கேட்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். நோயாளியின் தலையைத் தடவி, இன்னிக்குப் பரவால்லியா என்று கேட்கிற கேள்வியாக அல்லவா இருந்திருக்கிறது! அவமானத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"ஏண்டி சொல்லல? ஒனக்கப்பறம் நூறு புள்ளைங்களுக்கு அதையே காமிச்சேன். ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா!"

"பல தடவ சொல்ல வந்தேன் மேடம்." அபிதா அழுதுகொண்டிருந்தாள். "நீங்க ஜோரா வருதுன்னு சொல்லும்போது உங்க கொரலு எப்படி இருக்கும் தெரியுமா? உங்களுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அத்த எப்படி மேடம் நான் போய்ப் புடுங்கறது?"

லில்லி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இன்னொருத்தர் வாயால் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக் கோழி வாசற்படி ஏறி உள்ளே வந்து, அவள் காலடியில் எதையோ கொத்திவிட்டுப் போயிற்று. அவள் விரட்டவில்லை.

"வெள்ளிக்கிழம மேடையில அது நரம்புச் சத்தம்னே சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். அது கரெண்டாவே இருக்கட்டும் மேடம், அத்தக் கேட்டதாலதான நான் இங்க வந்தேன்."

"வேணாம்" என்றாள் லில்லி. "கரெண்டுன்னே சொல்லு. எங்க மேடம் ஆறு வருஷம் தப்பாக் காமிச்சாங்கன்னு சொல்லு. நான் முன்வரிசையில உக்காந்து கேக்கறேன். வியாழக்கிழம நானே கிளாஸ்ல சொல்லிடுவேன். அது இல்ல இப்ப." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கப்பா அம்மா கைநாட்டு. எங்கக்காவுக்கு இது கரப்பாம்பூச்சி. நாகராஜன் சாருக்கு சத்தம் வந்தா போதும். நான் தப்புன்னா தப்புன்னு சொல்ல இந்த ஒலகத்துல எனக்கு யாருடி இருக்கா, ஒன்ன வுட்டா? நீயும் பாவம்னு வுட்டுட்டா நான் யார்கிட்ட போவேன்?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இரண்டு ஊரில் இருந்துகொண்டு அழுதார்கள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அபிதா, தயங்கித் தயங்கி, "அப்படின்னா மேடம்… இன்னொண்ணும் இருக்குது" என்றாள்.

"இன்னா?"

"துடிப்பு ஏறி முடிஞ்சப்பறம், உள்ள வந்த சோடியத்த பம்பு வெளிய தள்ளித்தான் கோடு கீழ எறங்குதுன்னு போர்டுல எழுதுவீங்க. அது பம்பு இல்ல மேடம். பம்பு ரொம்ப மெதுவு, அதால அவ்ளோ சீக்கிரத்துல முடியாது. பொட்டாசியத்துக்குன்னு இருக்கிற கதவு தொறந்து பொட்டாசியம் வெளிய போறதாலதான் எறங்குது."

லில்லி கண்ணைத் துடைத்தாள். பன்னிரண்டு வருஷமாக எழுதிப் போட்டது அதுவும்.

"இரு, பேனா எடுத்துக்கறேன்" என்றாள். "மெதுவா சொல்லு."